நாங்கள் என்பதற்கு ஒரு புள்ளி

பிப்ரவரி 6

என்னை மாசிலாமணி ஐயாவிடம் தள்ளிவிட்டு இன்றோடு ஒரு வருடம். தள்ளிவிட்டு என்றுதான் சொல்ல வேண்டும். ஆழித்தீவுப் பேரவையில் இருபத்தெட்டு வருடம் சுருக்கெழுத்தராக இருந்தவள் நான். பிரதமர் குலசேகரம் ஓர் உறுப்பினரைப் பார்த்து "வாயை மூடுய்யா" என்றார். எழுதினேன். எடுத்துவிடச் சொன்னார்கள். சொன்னது சொன்னதுதானே என்றேன். அடுத்த வாரமே ஆணை வந்துவிட்டது. முன்னாள் அமைச்சர் என்ற முறையில் மாசிலாமணிக்கு ஒரு சுருக்கெழுத்தர் உண்டாம். அவரிடம் போகிறேன் என்று ஒருத்தரும் முன்வரவில்லையாம். சரி, அமலோற்பவம் இருக்கிறாளே என்று முடித்துவிட்டார்கள்.

இன்று பேரவையில் அவர் பேசினார். நூற்றுப் பன்னிரண்டு உறுப்பினர்களில் அவர் பெஞ்சில் அவர் மட்டும்தான். பக்கத்தில் குடை. கட்சி அவரை வெளியே போட்டதிலிருந்து யாரும் அருகில் உட்காருவதில்லை, தொற்றிக்கொள்ளும் என்று பயம் போலிருக்கிறது. மேலைக்கரை அரசு தட்டை அடிப் படகுகளாகக் கட்டிக் குவிக்கிறது, அவை மீன் பிடிக்க இல்லை, நம் கரையில் ஆள் இறக்கத்தான் என்பது அவருடைய ஒரே பாட்டு. "நாங்கள் எச்சரிக்கிறோம்" என்று ஆரம்பித்தார்.

"நாங்கள்னா யாருங்க? நீங்களும் உங்க குடையுமா?" என்று யாரோ கத்த, அவையே சிரித்தது. அவைத்தலைவரும் சிரித்தார். எனக்கும் வந்தது, உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

சிரிப்பு அடங்கும்வரை நின்றார். "ஆமா. இதுவரைக்கும் மழையில கைவிடாதது இது ஒண்ணுதான்" என்று குடையைத் தொட்டுக் காட்டிவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

என் சுருக்கெழுத்தில் நாம் என்பது ஒரு சின்ன வளைவு. அதன் அடியில் புள்ளி வைத்தால் நாங்கள். இவரிடம் வந்தபின் புள்ளி வைத்தே பென்சில் தேய்கிறது.

பிப்ரவரி 8

காலையில் கடிதம் சொல்லும்போது கேட்டேவிட்டேன். "ஐயா, தனியாத்தானே இருக்கீங்க. நான்னு சொன்னா என்ன?"

"முப்பது வருசம் கட்சிப் பழக்கம்மா. ஆளை வெளிய போட்டாங்க, வார்த்தை இன்னும் வெளிய போகல்ல."

அப்புறம்தான் கவனித்தேன். இந்த ஒரு வருடத்தில் என் நோட்டுகள் பதினான்கிலும் அவர் வாயிலிருந்து 'நான்' ஒரு தடவைகூட வரவில்லை. பேச்சிலும் இல்லை. "இங்க காப்பி வேணும்" என்பார். "மாசிலாமணிக்குக் காய்ச்சல்" என்பார், யாரோ பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்கிற மாதிரி.

பிப்ரவரி 19

என் மகன் இன்னாசிக்கு எலுமிச்சை ஊறுகாயும் இரண்டு பனியனும் ஆமைத்திட்டுப் படகில் கொடுத்தனுப்பினேன்.

மார்ச் 3

இன்னாசி கடிதம். "அம்மா, பேர்தான் ஆமைத்திட்டு. ஓர் ஆமையைக்கூடக் கண்ணால் காணவில்லை. அறுபத்தொரு பேரும் முறை வைத்துக் கடலைப் பார்க்கிறோம். கடல் எங்களைப் பார்க்கிறது. ஊறுகாய் இரண்டே நாளில் காலி, பாதி நிலைய அதிகாரி தின்றார்."

தலைநகர் வெள்ளைத்துறையிலிருந்து அரை நாள் படகுப் பயணம் அந்தத் திட்டு. மணல், நாலு தென்னை, ஒரு கம்பியில்லாத் தந்தி நிலையம். அங்கே ஒரு காவல் நிலையம் வேண்டும் என்று ஐயா எழுதிய குறிப்புதான் இவரிடம் வந்ததும் நான் தட்டச்சு செய்த முதல் தாள். அவர் எழுதியதில் அரசு ஏற்றுக்கொண்டதும் அது ஒன்றுதான், வாயை அடைக்க. வேலைக்கு ஆள் எடுத்தபோது இன்னாசி தானாகவே விண்ணப்பித்தான். இருபத்தாறு வயது, தந்தி படித்தவன், சும்மா வீட்டில் உட்கார்ந்திருக்க முடியுமா? சண்டை என்று ஒன்று வந்தால்தானே ஆபத்து. அதுவரை காற்று வாங்குகிற வேலை.

இவனைப் பற்றி ஐயாவிடம் சொன்னதில்லை. அலுவலகம் அலுவலகம், வீடு வீடு.

மே 22

தட்டச்சு இயந்திரத்தில் 'ங' எழுத்து சிக்குகிறது. பொத்தானை அழுத்தினால் கம்பி பாதி தூரம் வந்து நின்றுவிடுகிறது. நாங்கள், நாங்கள் என்று அடித்து அடித்தே நொந்துபோயிருக்கும். ஒவ்வொரு தடவையும் இடது கையால் கம்பியைத் தூக்கிவிட வேண்டும். பழுது பார்க்கக் கேட்டு எழுதினேன். மாசிலாமணி அலுவலகம் என்று பார்த்ததுமே தாள் எந்த மேசைக்கு அடியில் போயிற்றோ.

ஐயாவுக்கு இன்று அறுபத்து மூன்று வயது. ஒருவரும் வரவில்லை. தானே மீன் வாங்கப் போய், கண் குழிந்த சங்கராவைத் தலையில் கட்டி அனுப்பியிருக்கிறார்கள். சந்தையில் ஒருத்தன் "குடை! மழை எப்பங்க?" என்று கேட்டானாம். "சீக்கிரம்" என்றாராம். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் அந்த மீனைச் சுத்தம் செய்யாமல் வெகுநேரம் கையில் வைத்துக்கொண்டு நின்றார். நானே வாங்கிக் குழம்பு வைத்துக் கொடுத்தேன். சுருக்கெழுத்தர் கடமைகளில் இது கிடையாது.

ஆகஸ்ட் 11

துணி துவைத்துக்கொண்டிருந்தேன். முதலில் இடி என்று நினைத்தேன். வானம் வெளுத்துக் கிடந்தது. இரண்டாவது சத்தத்தில் பாத்திர அலமாரி சரிந்தது. மேற்குத் துறைமுகத்தில் குண்டு. காலைச் சந்தை நேரம்.

ஐயா வீட்டுக்கு ஓடினேன். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றிருந்தார். "பலிச்சிடுச்சே" என்றார். அழுகிற குரல் அது.

ஆகஸ்ட் 12

பேரவை. அன்றைக்கே சொன்னேனே என்று அவர் ஆரம்பிப்பார், எல்லோரும் தலை குனிந்து கேட்டுக்கொள்ள வேண்டியதுதான் என்று இருந்தார்கள். அவர் எழுந்து நிலவறைகள் எங்கே தோண்டலாம், அரிசி எங்கே இருக்கிறது, கப்பல் எத்தனை என்று மூன்றே விஷயம் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். ஒருவரும் சிரிக்கவில்லை. திரும்பிப் பார்த்தபோது அவர் பெஞ்சில் யாரோ ஓர் இளம் உறுப்பினர் வந்து உட்கார்ந்திருந்தார். குடையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு ஐயா இடம் விட்டார்.

ஆகஸ்ட் 30

இன்னாசியிடமிருந்து கடிதம் இல்லை. தபால் படகு நிறுத்தம்.

செப்டம்பர் 3

குலசேகரம் விலகிவிட்டார். மேலைக்கரையோடு பேசிப் பார்க்கலாம் என்று தூது அனுப்பினார், தூதரைப் பிடித்து வைத்துக்கொண்டார்கள். நான்கு கட்சியும் காலையிலிருந்து அடித்துக்கொண்டன. ஒரு கட்சி ஆளை மற்ற மூன்றும் ஏற்கவில்லை. கடைசியில் எந்தக் கட்சிக்கும் சொந்தமில்லாதவர் யார் என்று தேடியிருக்கிறார்கள். ஒருத்தருக்கும் பிடிக்காதவர் என்பதே தகுதியாகிவிட்டது.

மாலை நாலு மணிக்கு இரண்டு கார் வந்தது. ஐயா ஏறப் போனவர் திரும்பினார். "அமலோற்பவம்மா, நீங்க வர்றீங்களா?"

"தட்டச்சு மிசினும் வரணும்."

"அங்க புதுசு தருவாங்களே."

"புதுசுக்கு என் கை பழக ஆறு மாசம் ஆகும். அதுவரைக்கும் சண்டையை நிறுத்தி வைப்பாங்களா?"

இன்னொரு காரில் இயந்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு போனேன்.

செப்டம்பர் 4

வானொலியில் பிரதமராக முதல் உரை. "நாம்" என்றார். புள்ளி வைக்கப் போன பென்சில் அப்படியே நின்றுவிட்டது. "நாம் பயந்திருக்கிறோம். பயந்தவர்களும் சண்டை போடலாம். நாம் போடுவோம்."

திரும்பும் வழியில் சந்தையில் மீன்காரிகள் கூடையை இறக்கி வைத்துவிட்டு அழுதுகொண்டிருந்தார்கள். குடை என்று கேலி செய்தவன் கைகூப்பினான். எனக்கும் அழுகை வந்தது. அவரால் பெருமையாக இருந்தது. மறைக்க என்ன இருக்கிறது?

அக்டோபர் 9

மேலைக்கரைக் கப்பல்கள் ஆமைத்திட்டைச் சூழ்ந்துவிட்டன. அங்கிருந்து தினம் மூன்று வேளை செய்தி வருகிறது, எத்தனை கப்பல், எந்தத் திசை என்று. தாள் என் மேசை வழியாகத்தான் உள்ளே போகும். அனுப்புநர் இடத்தில் 'இ' என்று இருந்தால் அந்த வேளை இன்னாசியுடையது. இன்று காலை 'இ'. மாலையும் 'இ'.

ஐயாவிடம் சொல்லிவிடலாமா என்று வாய்வரை வந்தது. சொன்னால் மகனுக்காகக் கேட்கிறாள் என்றாகிவிடும். அல்லது, பாவம் என்று என்னை வேறு அறைக்கு மாற்றிவிடுவார்கள். அப்புறம் அந்த 'இ' என் கண்ணில் படாது.

அக்டோபர் 14

காலை 'இ'. மதியம் வேறு யாரோ. மாலை 'இ'. "தண்ணீர் ஐந்து நாளுக்கு. கப்பல் எப்போது?"

அக்டோபர் 17

காலை ஏழு மணிக்குக் கூட்டம். தளபதிகள் இருவர், ஐயா, குறிப்பெடுக்க நான்.

நம்மிடம் மிஞ்சியிருப்பது மூன்று கப்பல். ஆமைத்திட்டுக்கு அனுப்பினால் அறுபத்தொரு பேரையும் மீட்டுவிடலாம். ஆனால் போய்வர ஒரு நாள். அந்த ஒரு நாளுக்காகத்தான் எதிரி காத்திருக்கிறான், தலைநகரத் துறைமுகம் திறந்து கிடக்கும். ஊரில் இரண்டு லட்சம் பேர். இதை ஒரு தளபதி சொன்னார். மற்றவர் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஐயா ஜன்னலுக்கும் கதவுக்கும் நடந்தார். காப்பி ஆறி ஆடை படிந்தது. பிறகு நின்றார்.

"ஆமைத்திட்டுக்குக் கப்பல் போகாது."

எழுதினேன். என் கை நடுங்கவில்லை. இதையும் பதிந்து வைக்கிறேன்.

அவர்கள் போனபின் நாளை மதியம் படிக்கிற வானொலி உரையைச் சொன்னார். இதை மறைக்கக்கூடாது, எதிரி வாயால் மக்கள் கேட்கக்கூடாது என்றார். வழக்கம்போல நடந்துகொண்டே சொல்லவில்லை. எனக்கு எதிரே உட்கார்ந்து சொன்னார்.

"ஆமைத்திட்டில் இருக்கும் அறுபத்தொரு பேரை நாம் கைவிட்டோம். தலைநகரைக் காக்க நாம் செய்த தியாகம் இது."

வளைவு. புள்ளி இல்லை.

தட்டச்சு செய்ய உட்கார்ந்தேன். நாம் என்றால் கேட்பவரும் சேர்த்தி. மீன்காரி சேர்த்தி, சந்தையில் கைகூப்பினவன் சேர்த்தி, நான் சேர்த்தி. நான் எப்போது கைவிட்டேன்? என்னிடம் யார் கேட்டார்கள்? தியாகமாம். யார் வீட்டுப் பொருளை எடுத்து யார் தியாகம் செய்வது?

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன், இந்த நோட்டில்கூடப் பொய் சொன்னால் வேறு எங்கே போய் உண்மை பேசுவது? இன்னாசி தானாக விண்ணப்பிக்கவில்லை. மனுவைப் பூர்த்தி செய்தது நான். அவனுக்கு மேற்குத் துறைமுகத்தில் வேலை பார்க்கத்தான் ஆசை. அங்கே கள்ளுக்கடை இருக்கிறது, சேர்க்கை சரியில்லை, திட்டில் பத்திரமாக இருப்பான் என்று நான்தான் கையெழுத்துப் போட வைத்தேன்.

"நாங்கள் கைவிட்டோம்" என்று தட்டச்சு செய்தேன். ங சிக்கியது. கம்பியைத் தூக்கிவிட்டேன்.

அக்டோபர் 18

வானொலி நிலையம். பதிவேட்டுக்காக நான் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நோட்டோடு இருந்தேன். அவர் தாளை முன்கூட்டிப் பார்க்கவில்லை. என் தாளை அவர் எப்போதும் பார்ப்பதில்லை, பிழை இருக்காது என்ற நம்பிக்கை.

அந்த வரிக்கு வந்தார். "ஆமைத்திட்டில் இருக்கும் அறுபத்தொரு பேரை" என்று படித்துவிட்டு நின்றார். நிலையத்துக்காரர் கருவியில்தான் கோளாறு என்று குமிழைத் திருகினார். ஐயா தலை நிமிர்ந்து கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன். கண்ணை எடுக்கக்கூடாது என்று பிடிவாதமாக இருந்தேன்.

"நான் கைவிட்டேன்" என்றார்.

பிறகு இன்னொரு முறை, மெதுவாக: "நான். கூட இருந்தவங்க இல்ல, கேட்டுக்கிட்டிருக்கிற நீங்க இல்ல. தலைநகரத்துக்காக நான் செஞ்சேன். அதுக்கு வேற பேர் வைக்கிற உரிமை எனக்கில்ல."

தியாகம் என்ற வரியைப் படிக்கவேயில்லை. என் நோட்டில் 'நான்' என்ற வார்த்தைக்கு, அவர் சொல்லி, முதல் தடவையாகக் குறி போட்டேன்.

காரில் திரும்பும்போது ஒரே மழை. கொஞ்ச தூரம் போனதும் கேட்டார்.

"தப்பா விழுந்துச்சாம்மா?"

"புள்ளி மாறிப்போச்சுங்க ஐயா."

"புள்ளி மாறும். அந்த ங தானா விழாதே."

ஐயா மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "இன்னாசி நல்லா வேலை செய்யிறான்னு நிலைய அதிகாரி எழுதியிருந்தார்" என்றார்.

"எப்பத் தெரியும்?"

"பிரதமரா வந்த முதல் வாரமே. ஆள் பட்டியல்ல தாய் பேர்னு ஒரு கட்டம் இருக்கு."

"நேத்து வேற ஆளைக் கூப்பிட்டு எழுத வச்சிருக்கலாமே?"

"கூப்பிட்டிருக்கலாம். உங்க முதுகுக்குப் பின்னாடி செஞ்ச மாதிரி ஆயிருக்கும்."

வீட்டு வாசலில் இறங்கும்போது குடையை நீட்டினார். வாங்கவில்லை. நனைந்துகொண்டே போனேன். நான் அவரை மன்னிக்கவில்லை. அவர் மன்னிப்புக் கேட்கவும் இல்லை.

அக்டோபர் 21

எதிரி வெள்ளைத்துறையில் ஆள் இறக்க வந்தான். மூன்று கப்பலும் துறைமுகத்தில் இருந்தன. திருப்பி அடித்தார்கள். ஊரே தெருவில் கூடி மாசிலாமணி வாழ்க என்று கத்துகிறது. அவர் கணக்கு சரிதான். அது தப்பாகியிருந்தால் அவரை வெறுக்க எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அக்டோபர் 24

காலை 'இ'. "மழை. ஒன்றும் தெரியவில்லை. முடிக்கிறேன்."

முடிக்கிறேன் என்பது எல்லாச் செய்தியின் கடைசியிலும் போடுகிற வார்த்தைதான்.

அக்டோபர் 25

மூன்று வேளையும் தாள் வரவில்லை.

நவம்பர் 2

கல்லறைத் திருநாள். பக்கத்து வீட்டார் மெழுகுவத்தியோடு கிளம்பினார்கள், என்னையும் கூப்பிட்டார்கள். தகவல் ஒன்றும் வராதபோது நான் எதற்குப் போக வேண்டும்? வீட்டில் இருந்து அரிசி புடைத்தேன்.

நவம்பர் 9

நடுநிலை நாட்டுக் கப்பல் ஒன்று மேலைக்கரையில் உள்ள கைதிகள் பட்டியலைக் கொண்டு வந்தது. ஆமைத்திட்டு ஆட்கள் நாற்பத்து நான்கு பேர். மற்றவர்களைத் திட்டிலேயே புதைத்துவிட்டதாக ஒரு வரி.

அகரவரிசையில்தான் இருந்தது. 'இ' இருக்க வேண்டிய இடத்தில் 'ஈ' இருந்தது. ஒருவேளை இடம் மாறி விழுந்திருக்கும் என்று கடைசிப் பெயர்வரை படித்தேன். பிறகு கீழிருந்து மேலே படித்தேன்.

நவம்பர் 10

வேலைக்குப் போனேன். வீட்டில் இருந்தால் அந்த மனுத்தாள்தான் கண்ணில் நிற்கிறது.

நவம்பர் 14

பதினேழு குடும்பத்துக்கும் கடிதம். அச்சடித்த படிவம் போதும் என்றார் செயலாளர். ஐயா கேட்கவில்லை. ஒவ்வொன்றையும் தானே சொன்னார். ஒவ்வொரு ஆளைப் பற்றியும் கோப்பு வரவழைத்துப் படித்து வைத்திருந்தார். ஒருவன் நன்றாகப் பந்து விளையாடுவானாம், ஒருவனுக்குப் போன தையில்தான் கல்யாணமாம். எல்லாம் "உங்கள் மகன்" அல்லது "உங்கள் கணவர்" என்று ஆரம்பித்து, "அந்த முடிவை எடுத்தவன் நான்" என்று முடிந்தன. ஒவ்வொரு 'உங்கள்' வரும்போதும் ங சிக்கியது. பதினாறு தடவையும் தூக்கிவிட்டேன்.

பதினாறு முடிந்ததும் ஐயா எழுந்து நின்றார். நடக்கவில்லை.

"அடுத்தது யார் முகவரிக்குங்க?" என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டியதில்லை. பதினாறு தடவை கேட்ட வாய் கேட்டுவிட்டது.

"முகவரி உங்களுக்குத் தெரியும்மா" என்றார். "வேணாம்னா விட்டுடலாம்."

"மத்தவங்களுக்கு உண்டுன்னா எனக்கும் உண்டு. சொல்லுங்க."

சொன்னார். நடுவில் இரண்டு தடவை குரல் போயிற்று, காத்திருந்து எழுதினேன். என்ன சொன்னார் என்பதை இங்கே எழுத மாட்டேன். ஊறுகாய் பற்றி ஒரு வரி இருந்தது. அது அவருக்கு எப்படித் தெரியும் என்று அப்புறம் யோசித்தேன். நிலைய அதிகாரியின் கடிதத்தில் இருந்திருக்கும்.

தட்டச்சு செய்து கொண்டுபோய் வைத்தேன். கையெழுத்துப் போட்டார். "கையிலேயே தந்துடட்டுமா?"

"வேணாங்க ஐயா. எல்லாருக்கும் எப்படிப் போகுதோ அப்படியே போகட்டும்."

பதினேழு உறையும் ஒட்டி, வீட்டுக்குப் போகும் வழியில் தபால் பெட்டியில் போட்டேன். என்னுடையது நடுவில் எங்கோ இருந்தது.

நவம்பர் 17

காலை ஒன்பதரைக்குத் தபால்காரர் வந்தார். பிரதமர் முத்திரையைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு நீட்டினார். உள்ளே போய் உட்கார்ந்து பிரித்தேன்.

'உங்கள் மகன்' என்ற இடத்தில் ங கொஞ்சம் மேலே ஏறி விழுந்திருக்கிறது. மற்றபடி பிழை இல்லை.